ஐ.சி.எம்.ஆர். குழந்தை ஆய்வு நெறிமுறைகள் 2017: பள்ளிக்கூடத்துக்குள் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

எம்.எஸ்சி. நர்சிங், சமூகப்பணி, சமுதாய மருத்துவம், எம்.எட். எதில் சேர்ந்தாலும், ஆய்வேட்டுக்கு ஆள் தேடும் நேரம் வந்தால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பக்கத்துப் பள்ளிக்கூடம்தான். ஒரே இடத்தில் இருநூறு பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். தலைமை ஆசிரியர் (ஹெச்.எம்.) சரி என்றால் ஒரே பீரியடில் தரவு கைக்கு வந்துவிடும். அந்தப் பிள்ளைகள் எழுந்து போக முடியாதவர்கள் என்பதால்தான் இந்த வசதியே கிடைக்கிறது. ஆய்வுத் திட்டங்களைப் பரிசீலித்து அனுமதி தரும் நெறிமுறைக் குழு பள்ளி ஆய்வை மட்டும் ஏன் இவ்வளவு குடைகிறது என்று சலித்துக்கொள்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

அந்தக் குழுக்கள் கையில் வைத்திருக்கும் அளவுகோல், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 2017-ல் வெளியிட்ட இரண்டு ஆவணங்கள். ஒன்று மனிதர்களை உட்படுத்தும் ஆய்வுகளுக்கான பொது நெறிமுறைகள், இன்னொன்று குழந்தைகளுக்கென்று தனியாக வந்த துணைநூல். இரண்டும் ஐ.சி.எம்.ஆர். இணையதளத்தில் இலவசமாகப் பிடிஎஃப் வடிவில் கிடைக்கும். பள்ளிக்கூடத்தில் வைத்துப் பார்த்தால் இவை எப்படி என்பது மட்டும்தான் இந்த மதிப்புரையின் கேள்வி. ஒப்புதல் பற்றிய பகுதி உறுதியானது, அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பள்ளி என்கிற இடத்தைப் பற்றி இவை சொல்வது போதாது. மருத்துவமனையை மனத்தில் வைத்து எழுதியவை என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது.

ஒப்புதலை வயதுவாரியாகப் பிரித்த விதத்தில் குழப்பமில்லை. 7 வயதுக்குக் கீழே பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலரின் ஒப்புதல் போதும். 7 முதல் 12 வரை அதோடு பிள்ளையின் வாய்மொழி இசைவையும் (அதாவது, பிள்ளையே ‘சரி’ என்று சொல்வதையும்) பெற்றோர் முன்னிலையில் வாங்கிப் பதிவுசெய்ய வேண்டும். 12 முதல் 18 வரை இசைவு எழுத்தில் இருக்க வேண்டும். ஆய்வு நடக்கும்போதே 18 முடிந்துவிட்டால் அவரிடமே புதிதாக ஒப்புதல் வாங்க வேண்டும். ஆபத்து மிகக் குறைவாக இருந்தாலோ, பிள்ளைக்கு நேரடிப் பலன் இருந்தாலோ பெற்றோரில் ஒருவர் கையெழுத்துப் போதும். ஆபத்து அதற்கு மேல் போனாலோ, பிள்ளைக்குப் பலனே இல்லை என்றாலோ இருவர் கையெழுத்தும் தேவைப்படலாம். எது என்பதைக் குழுதான் முடிவுசெய்யும். வன்கொடுமை, கைவிடப்படுதல் போன்றவற்றைப் பற்றிய ஆய்வில், தீங்கு செய்பவரே வீட்டில் இருக்கக்கூடும் என்பதால் பெற்றோர் ஒப்புதலைத் தளர்த்தவும், பதிலுக்கு வேறு பாதுகாப்பை வைக்கச் சொல்லவும் குழுவுக்கு அதிகாரம் உண்டு. நன்றாக யோசித்து வைத்த விதி.

பெற்றோருக்கான தகவல் தாளில் வளர்ச்சி, மனநலம், பள்ளி வருகை ஆகியவற்றின் மேல் ஆய்வால் வரும் பாதிப்பைச் சொல்ல வேண்டும் என்ற ஒரு வரியும் இருக்கிறது. பெரும்பாலான படிவங்களில் இந்த மூன்றாவது விஷயம் விடுபட்டுப் போகும். எந்தப் பீரியடை எடுத்துக்கொள்கிறீர்கள், அந்தப் பாடத்தை எப்போது ஈடுகட்டுவார்கள் என்று ஒரு வரி எழுதினாலே குழுவிலிருந்து வரும் ஒரு கேள்வி குறையும்.

இனி குறைகளுக்கு வரலாம். முதலாவது, ஹெச்.எம். கையெழுத்து. ஒரு குழுவின் தலைவரோ பொறுப்பாளரோ தரும் அனுமதி தனிநபர் ஒப்புதலுக்கு ஈடாகாது என்று பொது நெறிமுறைகள் சொல்கின்றன. ஆனால் பள்ளியில் இது எப்படியெல்லாம் மீறப்படும், அதை எப்படித் தடுப்பது என்பதற்கு நடைமுறை விவரம் கிடையாது. 2009-ல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி போட்ட ஆய்வை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். பாத் என்ற அமெரிக்க அமைப்பு மாநில அரசுகளோடும் ஐ.சி.எம்.ஆரோடும் சேர்ந்து நடத்திய அந்த ஆய்வு 2010 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. 2013 ஆகஸ்டில் வந்த நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையின்படி, ஆந்திராவில் பார்த்த 9,543 படிவங்களில் 2,763-இல் கையெழுத்துப் போட்டவர்கள் விடுதி வார்டன்கள். 1,948 படிவங்களில் வெறும் கைநாட்டு. தடுப்பூசி போட்ட சிறுமிகளில் சிலரின் மரணங்களுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று விசாரணைக் குழு சொன்னது. ஆனால் ஒப்புதல் வாங்கிய விதத்துக்கு யாராலும் சமாதானம் சொல்ல முடியவில்லை. அந்த அறிக்கையில் ஐ.சி.எம்.ஆருக்கும் திட்டு விழுந்தது. அப்படித் திட்டு வாங்கிய அமைப்பே எழுதிய நெறிமுறைகளில் விடுதிப் பிள்ளைகளுக்கு ஒரு தனி அத்தியாயமே எதிர்பார்த்திருக்கலாம்.

ஆகவே இதை நீங்களே உங்கள் திட்ட அறிக்கையில் எழுதிவிடுங்கள். வார்டன் பாதுகாவலர் அல்ல. விடுதிப் பிள்ளை என்றால், பெற்றோர் பார்க்க வரும் நாளிலோ விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதோதான் படிவம் போக வேண்டும். பெற்றோர் இல்லாத, இல்லத்தில் வளரும் பிள்ளை என்றால் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவை அணுக வேண்டியிருக்கும். அதற்கு நாளாகும் என்பதால் பலர் அந்தப் பிள்ளைகளை ஆய்விலிருந்தே விட்டுவிடுகிறார்கள். விட்டால், ஏன் விட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

அனுமதிக் கடிதங்களும் ஒப்புதலும் வேறு வேறு. தமிழ்நாட்டில் ஒரே மாவட்டத்து அரசுப் பள்ளிகள் என்றால் முதன்மைக் கல்வி அலுவலர் (சி.இ.ஓ.) அனுமதி, பல மாவட்டம் என்றால் சென்னையில் அன்பழகன் கல்வி வளாகத்தில் இருக்கும் இயக்குநரகம், ஆதிதிராவிடர் நலப் பள்ளி என்றால் துறையே வேறு. இந்தக் கடிதங்களெல்லாம் பள்ளியின் கேட்டைத் திறக்கும். பிள்ளையிடம் கேள்வி கேட்கும் உரிமையைத் தராது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்கள் என்பதால் அங்கே விளக்கிப் பேசுவது நல்லது. ஆனால் அந்தக் கூட்டத்தின் தீர்மானமும் மற்ற பெற்றோர்களின் ஒப்புதலாகிவிடாது.

இரண்டாவது குறை இன்னும் நுணுக்கமானது. 7 முதல் 12 வயதுக்குப் பெற்றோர் முன்னிலையில் இசைவு வாங்க வேண்டும் என்பது ஆஸ்பத்திரியில் சரி, அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். நான்காம் வகுப்பில் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு எந்தப் பெற்றோர் இருப்பார்? இங்கே பலர் விதியைக் கண்டும் காணாமலும் கடந்துவிடுகிறார்கள், குழுவும் கேட்பதில்லை. இரண்டு வழி உண்டு. பெற்றோர் கூட்டத்தன்றே தகவல் தாள், ஒப்புதல், இசைவு மூன்றையும் முடித்துக்கொள்வது ஒன்று. அது நடக்காது என்றால், பெற்றோர் ஒப்புதல் முதலில் எழுத்தில் வந்துவிடும், பிள்ளையின் இசைவு அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்காத ஒருவர் சாட்சியாக இருக்க வாங்கப்படும் என்று எழுதி, இந்த மாற்றத்துக்கென்றே குழுவின் அனுமதியைக் கேட்டு வாங்குவது. சாட்சியாகக் கிளாஸ் டீச்சரை வைக்காதீர்கள். அவர் நிற்கும்போது மூன்றாம் வகுப்புப் பிள்ளை ‘மாட்டேன்’ சொல்லாது.

வாய்மொழி இசைவுக்கு என்ன பேசப்போகிறீர்கள் என்பதைத் தமிழில் எழுதி இணைக்க வேண்டும். ஆங்கிலப் படிவத்தை வரிக்கு வரி மொழிபெயர்த்து ‘இவ்வாய்வில் தன்னார்வத்துடன் பங்கேற்க’ என்று எட்டு வயதுப் பிள்ளையிடம் படிப்பதில் பயனில்லை. தூக்கம் பற்றிய ஓர் ஆய்வுக்கு இவ்வளவு போதும்:

“நான் காலேஜில் படிக்கிறேன். பிள்ளைகள் எப்படித் தூங்குகிறார்கள் என்று தெரிந்துகொள்ள வந்திருக்கிறேன். உன்னிடம் 12 கேள்வி கேட்பேன், இருபது நிமிஷம் ஆகும். இது பரீட்சை இல்லை, மார்க் கிடையாது. நீ சொல்வதை டீச்சரிடமும் வீட்டிலும் சொல்லமாட்டேன். ஆனால் உன்னை யாராவது கஷ்டப்படுத்துகிறார்கள் என்று தெரிந்தால், உன்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லியே ஆகவேண்டும். பிடிக்கவில்லை என்றால் நடுவிலேயே நிறுத்திவிடலாம், யாரும் திட்டமாட்டார்கள். வருகிறாயா?”

சொல்லி முடித்ததும், “பிடிக்கலைன்னா என்ன செய்யலாம்னு சொன்னேன்?” என்று திருப்பிக் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் இன்னொரு முறை சொல்ல வேண்டும். தேதி, நேரம், பிள்ளை சொன்ன பதில், சாட்சியின் கையெழுத்து நான்கும் ஒரு தாளில் ஏற வேண்டும்.

ஏழாம் வகுப்பு ஒரு தனித் தலைவலி. ஒரே பெஞ்சில் 11 வயதும் 12 வயதும் உட்கார்ந்திருக்கும். நெறிமுறைப்படி ஒருவருக்கு வாய்மொழி, பக்கத்தில் இருப்பவருக்கு எழுத்து. ஆறாம் வகுப்புக்கு மேல் எல்லோருக்கும் எழுத்து என்று வைத்துவிட்டால் குழப்பமில்லை. விதி கேட்பதைவிடக் கூடுதலாகத்தான் செய்கிறீர்கள், குழு தடுக்காது.

படிவம் வீட்டுக்குப் போய்த் திரும்புவதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. ‘விருப்பம் இல்லாதவர்கள் மட்டும் திருப்பி அனுப்பவும்’ என்ற சுற்றறிக்கை ஒப்புதல் ஆகாது. பையிலேயே கிடந்து கசங்கிய காகிதம்கூடச் சம்மதம் என்று கணக்காகிவிடும். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. திரும்பி வரும் எண்ணிக்கை குறைகிறதே என்று ஆய்வாளர் முகம் வாட, கிளாஸ் டீச்சர் நல்ல மனசோடு, “நாளைக்குக் கையெழுத்து வாங்கிட்டு வரலைன்னா வெளியே நிக்கணும்” என்பார். மறுநாள் எல்லாப் படிவமும் வந்துவிடும், பாதியில் அப்பா கையெழுத்தைப் பிள்ளையே போட்டிருக்கும். இதைத் தவிர்க்க, ‘சம்மதம்’, ‘சம்மதம் இல்லை’ இரண்டுக்கும் கட்டம் வைத்த ஒரே தாளைக் கொடுங்கள். ஒட்டிய உறையில் வரட்டும். வகுப்பறைக்கு வெளியே வைத்த பெட்டியில் பிள்ளையே போடட்டும். குறைந்தது ஒரு வாரம் அவகாசம், ஒரே ஒரு நினைவூட்டல். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்கு ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் படித்துச் சொல்ல வேண்டும். அதனால்தான் கூட்ட நாள் நல்லது. பென்சில், ஜியோமெட்ரி பாக்ஸ் போல ஏதாவது கொடுப்பதாக இருந்தால் கலந்துகொண்டவர், கொள்ளாதவர் என்று பார்க்காமல் முழு வகுப்புக்கும் கொடுத்துவிடுங்கள். இன்டெர்னல் மார்க் தருகிறேன் என்பது கூடவே கூடாது.

கலந்துகொள்ளாத பிள்ளை அந்த நாற்பது நிமிடம் எங்கே இருப்பான் என்ற கேள்விக்கு இரண்டு ஆவணத்தையும் வைத்துக்கொண்டு பதில் எழுதிவிட முடியாது. வராந்தாவுக்கு அனுப்பினால் அது தண்டனை. விளையாட்டு மைதானத்துக்கு அனுப்பினால் மற்றவர்களும் ‘எனக்கும் வேண்டாம்’ என்பார்கள். அதே நிறத்தாளில், அதே எண்ணிக்கைப் பக்கங்களில் புதிர்கள் அச்சிட்டுக் கொடுத்தால் யார் எதைச் செய்கிறார்கள் என்று பக்கத்து பெஞ்சுக்குத் தெரியாது. செலவும் சொற்பம்.

அடுத்தது குழுவின் பரிசீலனை வகை. எளிதில் காயப்படக்கூடியவர்கள் கலந்துகொள்ளும் ஆய்வு, ஆபத்து குறைவாக இருந்தாலும், முழுக்குழு முன்னால் போக வேண்டும் என்கிறது பொது நெறிமுறை. குழந்தைகள் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். அதே ஆவணத்தில் விலக்கு பெறக்கூடியவற்றுக்கு உதாரணமாகக் கற்பித்தல் முறைகள், பாடத்திட்டம், வகுப்பறை நிர்வாகம் ஆகியவற்றை ஒப்பிடும் ஆய்வுகளும் சொல்லப்பட்டிருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எம்.எட். மாணவருக்குத் தலை சுற்றும். பாதுகாப்பான வழி: விலக்கு உண்டா இல்லையா என்பதை ஆய்வாளர் தானே முடிவுசெய்யக்கூடாது, விலக்குக் கேட்டு விண்ணப்பித்து, குழுவின் கடிதத்தை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். தரவு சேர்த்து முடித்தபின் அனுமதி கேட்பதற்கு எந்த வகையிலும் இடமில்லை. முன்தேதியிட்டுத் தரச் சொல்லி வற்புறுத்தும் கைடுகள் இன்றும் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

இதைவிடப் பெரிய ஓட்டை, இவை உயிரிமருத்துவ, சுகாதார ஆய்வுகளுக்கானவை என்பது. சுகாதாரத்தோடு தொடர்புள்ள சமூக, நடத்தை ஆய்வுகள் வரை வரும். கணிதத்தை எப்படிக் கற்பித்தால் மார்க் கூடும் என்ற ஆய்வு எந்தக் கணக்கில் சேரும்? பல கல்வியியல் கல்லூரிகளில் குழுவே கிடையாது. இருக்கும் இன்னொரு நிறுவனத்தின் குழுவோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வழி உண்டு. அப்படித் தேடும்போது, 7 முதல் 15 உறுப்பினர், வெளியிலிருந்து வந்த தலைவர், குறைந்தது ஐந்து பேர் வருகை, சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு ஆகியவற்றைச் சரிபாருங்கள். மருந்துச் சோதனைக்காக மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பில் பதிவுசெய்த குழுவும், 2019 விதிகளின்படி சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவுசெய்த குழுவும் ஒன்றல்ல. குழந்தை மருத்துவரோ குழந்தை உளவியலாளரோ அன்றைய கூட்டத்தில் இருந்தாரா என்பதையும் கேட்கலாம், தவறில்லை.

ரகசியம் காப்பது பற்றிய பகுதி பொதுவாகச் சரி. ஆனால் பள்ளிக்குப் போதாது. ரோல் நம்பரைக் குறியீடாக வைத்துவிட்டுப் ‘பெயர் கேட்கவில்லை’ என்று எழுதுவார்கள். அந்த வகுப்பில் எல்லோருக்கும் அந்த எண் யாருடையது என்று தெரியும். பள்ளிக்கல்வித் துறையின் தரவுத்தளத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் தரும் எமிஸ் எண் இன்னும் மோசம், அது பிள்ளையின் மொத்தப் பதிவுக்கும் சாவி. 101, 102 என்று புதிதாக எண் போட்டு, பெயர்ப் பட்டியலைத் தனியே பூட்டி வையுங்கள். அட்டவணையில் ‘ஒன்பதாம் வகுப்பு, பெண், தந்தை இல்லை: 1’ என்று ஒரு கட்டம் வந்தால் ஊரே ஆளைக் கண்டுபிடித்துவிடும். ஐந்துக்குக் குறைந்த எண்ணிக்கைகளைச் சேர்த்துக் காட்டுவது நல்ல வழக்கம். பின்னிணைப்பில் பிள்ளைகள் வினாத்தாளோடு போஸ் கொடுக்கும் போட்டோ எதற்கு என்று எந்தத் தேர்வாளரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும். கூகுள் ஃபார்ம் பயன்படுத்தினால் மின்னஞ்சல் சேகரிக்கும் பொத்தானை அணையுங்கள். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் எல்லோரையும் குழந்தையாகவே கணக்கிடுகிறது, அவர்களின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கக்கூடிய ஒப்புதலையும் கேட்கிறது. ஆராய்ச்சிக்கு அதில் நிபந்தனையோடு விலக்கு உண்டு. 2017 ஆவணங்கள் இதற்கு முந்தியவை என்பதை மறந்துவிடக்கூடாது.

முழு ரகசியம் என்று வாக்குக் கொடுக்கவே கூடாது. போக்சோ சட்டம் 2012, பிரிவு 19-இன்படி பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர் காவல் நிலையத்துக்கோ தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காவிட்டால் பிரிவு 21-இன்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இதற்கு ஆய்வாளருக்கு விலக்கு இல்லை. மேலே உள்ள இசைவுப் பேச்சில் அந்த ஒரு வரி இருப்பது இதனால்தான். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ ஒவ்வொரு பிள்ளைக்கும் அச்சிட்டுக் கொடுங்கள், கேட்ட பிள்ளைக்கு மட்டும் கொடுத்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

பரிசோதனை சேர்ந்த ஆய்வுகளில் கண்டுபிடித்ததை என்ன செய்வது என்பதும் முன்கூட்டியே முடிவாக வேண்டும். மனச்சோர்வை அளக்கப் பி.எச்.க்யூ-9 என்ற வினாத்தாளைக் கொடுத்தால் ஒன்பதாவது கேள்வி தற்கொலை, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அந்தத் தாள்களைக் கட்டிவைத்து, மூன்று வாரம் கழித்து எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் ஏற்றும்போது பார்ப்பது குற்றத்துக்குச் சமம். பள்ளியை விட்டு இறங்கும் முன் அந்த ஒரு வரியை எல்லாத் தாளிலும் பார்த்துவிட வேண்டும். அன்றே பேச ஓர் ஆலோசகர் கையில் இருக்க வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416 கூடுதல் வசதிதான், ஆலோசகருக்கு மாற்று அல்ல. ஹீமோகுளோபின் பார்த்தால், 12 முதல் 14 வயதில் 12 கிராமுக்குக் கீழ் ரத்தசோகை, 8-க்குக் கீழ் கடுமை. கடுமை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கடிதம் அன்றைக்கே, பெற்றோர் கையில். எடை பார்ப்பதைத் திரைக்குப் பின்னால் வையுங்கள். எண்ணைச் சத்தமாகப் படித்து இன்னொருவர் எழுதும் வழக்கத்தால், ‘குண்டு’ என்ற பட்டப்பெயர் வருஷம் முழுக்க ஒட்டிக்கொள்ளும்.

தன் வகுப்பையே ஆய்வுசெய்யும் ஆசிரியருக்கு: படிவத்தை வேறோர் ஆசிரியர் வாங்கட்டும், யார் சம்மதித்தார் என்ற பட்டியல் பருவ மதிப்பெண் பதிவேறும் வரை உறையில் மூடியே இருக்கட்டும்.

மாற்று உண்டா? யுனிசெஃபின் இன்னொசென்டி ஆய்வு அலுவலகமும் சில பல்கலைக்கழகங்களும் சேர்ந்து குழந்தைகளை உட்படுத்தும் ஆய்வுகளின் நெறிமுறைகளுக்காக 2013-ல் கொண்டுவந்த எரிக் தொகுப்பும் இலவசம்தான். தீங்கும் பலனும், ஒப்புதல், ரகசியம், ஈட்டுத்தொகை என்று பிரித்து, விதி சொல்லாமல் கேள்வி கேட்கும். பல நாட்டு அனுபவங்களும் உண்டு. யோசிக்கக் கற்றுத்தருவதில் ஐ.சி.எம்.ஆர். அதன் கிட்டேகூட வராது. ஆனால் இங்கே குழு முன்னால் அதை மட்டும் காட்டினால் நிற்காது. திட்டம் போடும்போது எரிக்கைப் படித்துவிட்டு, விண்ணப்பத்தை ஐ.சி.எம்.ஆர். எண்ணிட்ட பகுதிகளின்படி எழுதுவதுதான் நடைமுறை. ஐ.சி.எம்.ஆர். தளத்தில் குழுக்களுக்கான பொது விண்ணப்பப் படிவங்களும் உண்டு. உங்கள் கல்லூரிக்குத் தனிப் படிவம் இல்லையென்றால் அவையே போதும்.

மதிப்பெண் கொடுப்பதென்றால் ஒப்புதல் பகுதிக்கு ஐந்துக்கு நான்கரை, பள்ளி நடைமுறைக்கு இரண்டு.

இதை வைத்து வரும் கல்வியாண்டில் வேலை தொடங்குபவர்கள் காலண்டரைப் பின்னாலிருந்து போட வேண்டும். செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, அதற்குப் பிறகு பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளைத் தொடவே முடியாது. தரவு சேர்க்க நிம்மதியான மாதங்கள் ஜூலை, ஆகஸ்ட், பிறகு தீபாவளி விடுமுறை போக அக்டோபர், நவம்பர். குழு ஒரு முறையாவது திருத்தம் கேட்டுத் திருப்பும் என்று வைத்துக்கொண்டால், விண்ணப்பம் ஏப்ரலில் உள்ளே போயிருக்க வேண்டும். சி.இ.ஓ. அலுவலகம் பெரும்பாலும் குழுவின் கடித நகலைக் கேட்கும், குழு சி.இ.ஓ.வின் அனுமதியைக் கேட்கும். இந்த முடிச்சில் மாட்டினால், ‘பள்ளித்துறை அனுமதி கிடைத்தபின் தொடங்கலாம்’ என்ற நிபந்தனையோடு குழுவிடம் கடிதம் வாங்கி, அதை சி.இ.ஓ. அலுவலகத்தில் கொடுங்கள்.